மகரக்கட்டு

வீட்டில் வைத்த பெயர் வினிதா. ரேஷன் கார்டில் அதுதான், கம்பெனி அடையாள அட்டையிலும் அதுதான். ஆனால் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே அவன் தனக்கு சிவபிரகாஷ் என்று பெயர் வைத்துக்கொண்டுவிட்டான். பெண் என்று பெற்றவர்கள் சொன்னதை அவன் ஒருநாளும் நம்பியதில்லை. நம்பாததை வெளியே சொன்னதும் இல்லை.

அனுப்பர்பாளையத்தில் அவர்களுக்குச் சொந்த வீடு. கீழ்த்தளத்தில் அப்பா குமாரசாமி மிஷின்கள் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் வேல்குமார் கூட இருந்து பார்த்துக்கொண்டான். சிவபிரகாஷ் மட்டும் வெளியே, அவிநாசி ரோட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியின் சாம்பிள் செக்‌ஷனில் வேலை பார்த்தான். வெளிநாட்டு வியாபாரிகள் கேட்கிற மாதிரியை முதலில் ஒன்றிரண்டு தைத்துக் காட்டுகிற இடம் அது. அங்கே மிஞ்சிய லைக்ரா துணியில், மார்பை இறுக்கிப் பிடிக்கும் உள்பனியன் ஒன்றை அவனே வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டான். மூச்சு முட்டும். ஆனாலும் அதைப் போட்ட நாட்களில்தான் நிமிர்ந்து நடந்தான்.

எல்லாவற்றையும் நிதானமாக யோசித்து வைத்திருந்தான். கோயம்புத்தூரில் ஒரு மனநல மருத்துவரைப் பல மாதம் பார்த்து, இவன் சொல்வது உண்மைதான் என்று சான்று வாங்கினான். அதன் பிறகு ஹார்மோன் ஊசி. ஊசி போடப் போகும் நாளெல்லாம் வீட்டில் ஓவர்டைம் என்றான். வெளியூரில் வேலை தேடிக்கொண்டு போய், நெஞ்சு அறுவை சிகிச்சையும் முடிந்த பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. அப்போது யாரும் எதையும் தடுக்க முடியாது.

குரல் முந்திக்கொண்டது. பையன்களுக்குப் பதினான்கு வயதில் உடைகிற மகரக்கட்டு இவனுக்கு இருபத்தாறில் உடைந்தது. பேச்சு நடுவில் கரகரத்து எங்கோ கீழே போய் நிற்கும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத் தன் பெயரைத் தானே சொல்லிப் பார்ப்பான். அந்தச் சத்தம் அவனுக்கு அத்தனை பிடித்திருந்தது.

அம்மா ஜானகியம்மாள் சளி என்று நினைத்தாள். சித்தரத்தையும் அதிமதுரமும் தட்டிப் போட்டுக் கஷாயம் காய்ச்சிக் காலையில் எழுந்ததும் கையில் கொடுப்பாள். குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பாள். அவனும் குடித்தான். தன் சந்தோஷத்தைப் போக்குவதற்கான மருந்தை அம்மா கையாலேயே வாங்கிக் குடிக்கிறோம் என்று தோன்றும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

கஷாயத்தில் தீராததால் அம்மா பயந்துபோனாள். தொண்டையில் கட்டியாக இருக்குமோ என்று அழுதாள். அவளும் அப்பாவும் சேர்ந்து அவனைக் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்குக் காரணம் கிடைக்கவில்லை. டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்தத்தில் ஆண் ஹார்மோன் ஏறியிருப்பதாக ரிசல்ட் வந்த அன்று அவனை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பெற்றவர்களை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதவைத் திறந்துகொண்டு வந்த அப்பா அவனைத் தாண்டி நடந்து போய் வண்டியில் ஏறிக்கொண்டார். அன்றைக்குப் பிறகு அவர் அவனோடு பேசவில்லை.

அண்ணன்தான் பேசினான். வெளியே தெரிந்தால் சொந்தபந்தத்தில் தலைகாட்ட முடியாது, தன் மகளை நாளைக்கு எவன் வந்து கட்டுவான் என்றான். செல்போனை வாங்கி வைத்துக்கொண்டான். கம்பெனிக்குப் போகக் கூடாது என்றான். சிவபிரகாஷ் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னான், தன் பெயர் உட்பட. அண்ணன் காதைப் பொத்திக்கொள்ளாததுதான் குறை.

அம்மா சில நாட்கள் சாப்பிடாமல் கிடந்தாள். பிறகு ஒரு காலையில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ற வயித்துல பொறந்தது நீ. உனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியோணுமல்ல, கண்ணு? அந்தக் கோயமுத்தூர் டாக்டர்கிட்ட என்னையுங் கூட்டீட்டுப் போ. அவர் வாயால சொல்லட்டும், நான் கேட்டுக்கறேன்."

அவன் அம்மா மடியில் தலை வைத்து அழுதுவிட்டான். அவளும் தலையைக் கோதிக் கொடுத்தாள்.

வேல்குமார்தான் கார் ஓட்டினான். அம்மா முன்சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊருக்குள் போய்ப் பல்லடம் ரோட்டைப் பிடித்தபோது, அந்த வழியாகவும் கோயம்புத்தூர் போகலாம் என்பதால் சிவபிரகாஷ் ஒன்றும் நினைக்கவில்லை. பல்லடத்தில் வண்டி உடுமலை ரோட்டில் திரும்பியது. எங்கே போகிறோம் என்று கேட்டான். முன்சீட்டில் இருந்த இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தென்னந்தோப்புக்குள் உயரமான மதில் சுவர் வைத்த ஒரு தனியார் மனநல ஆஸ்பத்திரியின் கேட் திறந்தது. வாசலில் இரண்டு ஆட்கள் தயாராக நின்றிருந்தார்கள்.

தான் மேஜர், தன் சம்மதமில்லாமல் யாரும் தன்னை அட்மிட் செய்ய முடியாது என்று அங்கிருந்த டாக்டரிடம் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஊசி போட்டார்கள்.

அங்கே எத்தனை வாரம் இருந்தான் என்பது அவனுக்கு இன்னும் தெளிவில்லை. மாத்திரையில் நாக்கு தடித்துப் போகும். சட்டைப் பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்காது. எச்சில் வடிந்தால் அம்மா முந்தானையில் துடைத்தாள். ராத்திரியும் பகலும் அவளே பக்கத்தில் பாய் போட்டுக் கிடந்தாள். அதை நினைத்தால்தான் அவனுக்கு இன்றும் மனம் ஆறவில்லை. வேறு யாராவது செய்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவள் ஊட்டிவிட்டாள், தலை சீவிவிட்டாள், இரண்டு ஜடை போட்டுவிட அவன் முடி நீளவில்லையே என்று வருத்தப்பட்டாள்.

ஹார்மோன் நின்றதால் மாதவிலக்கு திரும்ப வந்தது. கட்டில் விரிப்பில் கறையைப் பார்த்ததும் அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

"முருகா, என்ற புள்ள திரும்பி வந்துருச்சு."

விரிப்பை அவளே உருவி எடுத்து, குழாயடியில் வைத்துத் துவைத்தாள். சிவன்மலைக்கு நடந்தே வருவதாக வேண்டியிருக்கிறேன் என்று நர்சிடம் சொல்லி அழுதாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கத்தவேண்டும் போல இருந்தது. மாத்திரை விடவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அடங்கிப் போனவன்போல இருந்தான். கொடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டான். மாத்திரையை மட்டும் நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்திருந்து துப்பினான். குரல் மட்டும் திரும்பவில்லை. உடைந்த குரல் உடைந்ததுதான் என்று கோயம்புத்தூர் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் வீட்டில் அவனைப் பேசவிடுவதில்லை. விருந்தாளி வந்தால் தொண்டைப்புண் என்பாள் அம்மா.

பெண் பார்க்கக் காங்கேயத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை சென்னியப்பன், மனைவியை இழந்தவர், எண்ணெய் மில்லில் சூப்பர்வைசர். முகத்தில் சூது வாது இல்லாத மனிதர். அவரிடம் சொன்னால் தானே விலகிவிடுவார் என்று சிவபிரகாஷ் நம்பினான். இருவரையும் மாடியில் தனியே பேசவிட்டதும் சுற்றி வளைக்காமல் சொன்னான்.

"நான் பொம்பளை இல்லீங்க. எனக்கு இந்தக் கல்யாணம் ஆகாதுங்க."

சென்னியப்பன் அதிர்ச்சியடையவில்லை. கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"உங்க அண்ணன் எல்லாஞ் சொல்லீட்டாருங்க. ஒரு கொழந்த பொறந்துட்டா தானா சரியாயிரும்னு டாக்டரே சொன்னாருங்களாம். நீங்க ஒண்ணும் வெசனப்பட வேண்டாமுங்க."

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். கீழே அம்மா காபி ஆற்றிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

அடுத்த நாள் காலை அம்மாவும் அண்ணன் குடும்பமும் வேண்டுதலுக்காகச் சிவன்மலைக்குக் கிளம்பிப் போனார்கள். அவனைக் காவல் பார்க்க அப்பா மட்டும் கீழே இருந்தார். சிவபிரகாஷ் அண்ணனுடைய பேன்ட்டையும் சட்டையையும் போட்டுக்கொண்டான். பீரோவிலிருந்து தன் சர்டிபிகேட்டுகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினான். வெளியே போகவேண்டுமென்றால் மிஷின் ஹாலைக் கடந்துதான் போகவேண்டும். அப்பா அளவு பார்த்துக்கொண்டிருந்த பனியனோடு நிமிர்ந்தார். சட்டையைப் பார்த்தார், பையைப் பார்த்தார். தையல்காரர்களும் மிஷினை நிறுத்திவிட்டார்கள்.

"ஏம்ப்பா நிறுத்தீட்டீங்க? ஓட்டுங்க" என்றார் அப்பா, அவர்களிடம். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு பனியனை மறுபடி விரித்தார்.

அவன் தெருவுக்கு வந்துவிட்டான். அப்பா விட்டது இரக்கத்திலா, தொலைந்தால் சரி என்றா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டான். விடை தெரியவில்லை.

பழைய கம்பெனியின் சாம்பிள் செக்‌ஷன் இன்சார்ஜ் சண்முகவேல் எதுவும் துருவிக் கேட்காமல், பெங்களூரில் தனக்குத் தெரிந்த ஒரு கார்மென்ட்ஸில் வேலைக்குச் சொன்னார். அங்கே அவன் சிவபிரகாஷ். வேல்குமார் ஒருமுறை சண்முகவேலைத் தேடிப் போய்ச் சண்டை போட்டிருக்கிறான். அத்தோடு தேடுவதை விட்டுவிட்டார்கள். பெண்ணை வெளிநாட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டதாகக் கேள்வி. ஊசியை மறுபடி ஆரம்பித்து ஒரு வருடத்துக்கும் மேல் ஆயிற்று. மீசை அரும்பியது. குரல் இன்னும் இறங்கி ஒரு நிலைக்கு வந்தது. அறுவை சிகிச்சைக்கும் நாள் குறித்தாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கூட இருக்கச் சொந்தக்காரர் ஒருவர் வேண்டும் என்றார்கள். அறையில் கூடத் தங்கியிருந்த நல்லானைத் தம்பி என்று சொன்னான்.

அந்த வாரத்தில்தான் ஒரு மத்தியானம், கட்டிங் டேபிளில் நின்றிருந்தபோது, போன் வந்தது. தெரியாத நம்பர்.

"ஹலோ, யாருங்க?" என்றான்.

"ஏனுங்க தம்பி, இது வினிதாங்கற புள்ளயோட நம்பருங்களா? நான் அதோட அம்மா பேசறனுங்க. சண்முகவேலுகிட்ட கெஞ்சி வாங்குனனுங்க. செத்த அதுகிட்டக் குடுக்கறீங்களா?"

கத்தரியைக் கீழே வைத்தான். ஆண் ஒருவனிடம் பேசுகிற மரியாதையோடு அம்மா அவனிடம் பேசுவது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

"அம்மா, நாந்தான்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"நம்பர் தப்புங்க போல. வெச்சர்றனுங்க" என்றாள் அம்மா.

திரும்பக் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து நின்றது. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறிச் சண்முகவேலுக்குப் போன் செய்தான். அவர் விசாரித்துச் சொன்னார். வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். யாருக்கும் எதுவும் இல்லை. உங்கள் அம்மா சும்மாதான் நம்பர் கேட்டார்கள், குரலைக் கேட்கவேண்டும் போல இருக்கிறது என்றார்கள், என்றார்.

யார் போனில் என்று பக்கத்து டேபிள்காரன் கேட்டான். வீட்டிலிருந்து என்று சொல்லிவிட்டு, வெட்டிக்கொண்டிருந்த துணியில் கோடு எங்கே விட்டது என்று தேடினான். கொஞ்ச நேரம் அது கண்ணுக்குத் தெரியவில்லை.