எதிரி நாற்காலி

எதிரி நாட்டுக்கு ஒரு தளபதி தேவைப்பட்டார். கணக்குப் பிரிவிலிருந்து ஒரு அம்மாவை அனுப்பிவைத்தார்கள்.

விண்வெளித் துறை என்றால் எந்நேரமும் ராக்கெட் சீறிக்கொண்டிருக்கும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அந்தக் கட்டடத்துக்கு வந்து பார்க்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள். அவளும் அந்த ரகம்தான். மேலே சுற்றுகிற ஒவ்வொரு செயற்கைக்கோளாலும் கீழே இருப்பவனுக்கு என்ன லாபம் என்று எழுதிக்கொடுப்பது அவள் வேலை. புயல் வருவதை முன்கூட்டியே சொன்னதால் எவ்வளவு படகு மிஞ்சியது, காடு பற்றி எரிவதைச் சீக்கிரம் பார்த்ததால் எவ்வளவு மரம் மிஞ்சியது, இப்படி. "மனுஷன் சோத்துக்கு அலையறான், நீங்க பணத்தை ஆகாசத்துல கொட்டறீங்களா?" என்று சபையில் யாராவது எகிறும்போது அமைச்சர் எடுத்து வாசிப்பது அவள் எழுதியதைத்தான். அற்பத் தொகையைக்கூட விடாமல் துருவித் துருவிக் கேட்பதால் அலுவலகத்தில் அவளுக்குச் சில்லறை மேடம் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் அப்படிக் கூப்பிடுவது அவளுக்கும் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வருடத்துக்கு ஒரு தடவை கீழ்த்தளத்துக் கூடத்தில் ஒரு போர் நடக்கும். நிஜப் போர் இல்லை. நீள மேசை, சுவரில் வானத்தின் படம், ஒரு பக்கம் 'நாம்', மறுபக்கம் 'எதிரி', நடுவில் நடுவர்கள். நடத்துபவர் கர்னல். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுத் துறைக்கு ஆலோசகராக வந்தவர். ஓய்வு என்ற சொல்லை மட்டும் அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எதிரி நாற்காலியில் எப்போதும் இளம் பொறியாளர்கள்தான் உட்காருவார்கள். ஏவுகணை விடுவார்கள், லேசர் அடிப்பார்கள், இன்னும் யாருமே கண்டுபிடிக்காத ஆயுதங்களையெல்லாம் எடுத்து வீசுவார்கள். 'நாம்' எல்லாவற்றையும் தடுத்துவிடுவோம். பிறகு டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம்.

இந்த வருடம் கர்னலுக்கு ஒரு யோசனை வந்தது. "எதிரிக்கும் ஒரு பட்ஜெட் இருக்கும்ல? அவங்க ஊர்லயும் ஒரு நிதி அமைச்சர் கழுத்தைப் பிடிப்பாருல்ல? காசு பாத்து அடிக்கிற ஆளு ஒருத்தர் வேணும்" என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்தார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஏவுகணை ஒண்ணு என்ன விலை சார்?"

சொன்னார்கள்.

"அவ்வளவா? வேண்டாம்" என்றாள். கூடம் சிரித்தது.

அவள் தேர்ந்தெடுத்தது வயதான ஒரு தொடர்புச் செயற்கைக்கோள். பட்டாளத்தின் பேச்சு, வங்கிகளின் கணக்கு எல்லாம் அது வழியாகத்தான் போகின்றன. நகர்ந்து தப்பிக்க எரிபொருளும் அதனிடம் அதிகம் இல்லை. அதைப் பற்றி அவளுக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும், ஏனென்றால் அவளுடைய அக்காவின் பிழைப்பே அதை நம்பித்தான்.

அக்கா நர்ஸ். கரையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் ஒரு தீவில் சின்ன மருத்துவமனையை ஒண்டியாக நடத்துகிறாள். டாக்டர் நகரத்தில், திரைக்குள் இருப்பார். பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றில் அக்கா ஸ்கேன் கருவியை வைத்து நகர்த்துவாள். படம் அந்தச் செயற்கைக்கோளுக்குப் போய், அங்கிருந்து டாக்டரிடம் இறங்கும். அவர் பார்த்துச் சொல்வதை அக்கா செய்வாள். தீவுகளுக்கு அந்த லைனைத் துறை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. வெளியுலகத்தோடு பேச அந்தத் தீவுக்கு வேறு லைன் கிடையாது. நோயாளிகள் போன பிறகு சாயங்காலத்தில் அக்கா தங்கையைக் கூப்பிட்டு வம்பளப்பதும் அதில்தான்.

போன தடவை வம்பளக்கும்போது அக்கா சலித்துக்கொண்டாள்: "ரெண்டு மூணு நாளா மத்தியானமானா லைன் போயிடுதுடி. சூரியன் சரியா உங்க செயற்கைக்கோளுக்குப் பின்னாடி வந்து நின்னு இங்க இருக்கற ஆன்டெனாவோட கண்ணைக் கூச வைக்குதாம். வருஷத்துல ரெண்டு சீசன் இதே கூத்து. அந்த நேரத்துல எது நின்னாலும் யாரும் ஏன்னு கேக்கறதில்லை. சூரியன்தான்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடறாங்க."

எதிரி நாற்காலியில் அவள் அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு வியாபாரக் கம்பெனியின் பெயரில், பழைய செயற்கைக்கோள்களைப் பழுதுபார்க்கும் சின்ன வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்து மேலே அனுப்பினாள். அதில் மடித்து வைத்த மெல்லிய உலோகத் துணி. சூரியன் கண் கூசும் அந்த நாட்களில், சரியாக மத்தியானத்தில், செயற்கைக்கோளின் ஆன்டெனாவுக்கு முன்னால் குடை போல அதை விரித்தாள். 'நாம்' சூரியன்தான் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனோம். அது சூரியன் இல்லை என்று உறைப்பதற்குள் எதிரியின் படை எல்லை தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

கர்னல் எழுந்து நின்று கைதட்டினார். "இத்தனை வருஷத்துல என்னை யாரும் இப்படிக் கவுத்ததில்லை மேடம்" என்றார். துறை இயக்குநர் தட்டினார், பொறியாளர்கள் மேசையையே தட்டினார்கள். இருபது வருடமாகத் தாளைத் தாண்டி யாரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அன்று லிஃப்டில் முன்பின் தெரியாதவன் ஒருவன் வழிவிட்டு நின்றான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அடுத்த மாதத் தொடக்கத்தில் உத்தரவு வந்தது. பழைய செயற்கைக்கோளுக்குப் பக்கத்தில் காவலுக்கு இன்னொன்றை நிறுத்தப் போகிறார்கள். யாராவது குடையோடு வந்தால் அது தள்ளிவிடும். அந்தக் காவலனோடு தரையிலிருந்து பேசுவதற்கு ஒரு லைன் வேண்டும். பட்டாளத்தின் லைனைத் தொட முடியாது. பணம் கட்டுகிறவர்களின் லைனையும் தொட முடியாது. இலவசமாகப் போய்க்கொண்டிருந்தது ஒன்றுதான். மாதக் கடைசியோடு தீவு மருத்துவமனைகளின் இணைப்பு நிறுத்தப்படும் என்று நான்காவது பத்தியில் இருந்தது.

அவள் அதை இன்னொரு தடவை படித்தாள். கையில் உத்தரவோடு இயக்குநர் அறைக்கு ஓடினாள். இயக்குநர் கோபமே வராத மனிதர். அப்படிப்பட்டவர்களிடம் எதையும் வாங்கவே முடியாது.

"சார், அது வெறும் விளையாட்டு."

"விளையாட்டு இல்லைன்னு நீங்கதானே மேடம் எங்களுக்குக் காட்டினீங்க."

"அந்த லைனால எத்தனை பிரசவம் நல்லபடியா ஆகியிருக்குன்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேன்."

"படிச்சேன். ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க. ஆனா தீவுல ஆளு கம்மி மேடம். படகு வேற இருக்கு."

அங்கே உட்கார்ந்திருந்த கர்னலுக்கு மனம் கேட்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குத் திட்டித் தீர்க்கவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும். "இன்னொரு ஆட்டம் வைப்போம்" என்றார். "காவலன் மேல நிக்கிறதா வச்சு நீங்க ஆடுங்க. அவன் தேவையில்லைன்னு காட்டிட்டீங்கன்னா இந்த உத்தரவை நிறுத்தச் சொல்லி நானே கேக்கறேன்."

அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். பஸ்ஸில், சமையலறையில், துணி மடிக்கும்போதெல்லாம் ஆடிப் பார்த்தாள். காவலனை ஏமாற்ற வழி இருந்தது. ஒன்றல்ல, நாலைந்து இருந்தன, எல்லாமே மலிவு. ஆனால் ஏமாற்றினால் என்ன சொல்வார்கள்? ஒரு காவலன் போதாது, இரண்டு நிறுத்துங்கள் என்பார்கள். இரண்டாவது காவலனுக்கும் ஒரு லைன் கேட்பார்கள். சரி, வேண்டுமென்றே தோற்றால்? பார்த்தீர்களா, காவலன் காப்பாற்றிவிட்டான் என்பார்கள். இல்லாத போருக்கு எப்படிக் கணக்குப் போட்டாலும் காவலனுக்கே லாபமாக வந்து தொலைந்தது.

அந்த வாரம் அக்கா கூப்பிட்டாள். ஸ்கூல் டீச்சர் ஒருத்திக்கு ஏழாம் மாதமாம், நஞ்சுக்கொடி பிள்ளை வரும் வழியில் கீழே இறங்கியிருக்கிறதாம். "டாக்டர் வாரா வாரம் பாக்கறாரு. கொஞ்சம் மேல ஏறிட்டா இங்கேயே பாத்துக்கலாம்னு சொல்றாரு. ஏறலைன்னா முன்னாடியே படகுல அனுப்பிடணும். அவளுக்குப் படகுன்னாலே குலை நடுக்கம். லைன் மட்டும் இப்படியே இருந்தா எனக்குப் பயமில்லைடி."

"உம்" என்றாள் தங்கை.

"என்னடி உம்? உடம்பு சரியில்லையா?"

"ஆபீஸ்ல வேலை அதிகம்கா."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. இரண்டாவது ஆட்டத்தில் எப்படியாவது சரி செய்துவிட்டால் அக்காவுக்குத் தெரியவே வேண்டாம் என்று ஒரு எண்ணம். அந்த எண்ணமே திருட்டுத்தனம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. சில்லறை மேடம் இந்தத் தடவை என்ன மலிவான வெடியைக் கொளுத்திப் போடப்போகிறார் என்று கதவோரம்வரை ஆட்கள்.

"எதிரி, உங்க நகர்வு?" என்றார் நடுவர்.

"ஒண்ணும் பண்ணலை."

அடுத்த சுற்று. "ஒண்ணும் பண்ணலை." அதற்கடுத்த சுற்றிலும் அதே பதில். பொறியாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது ஏதோ பெரிய சூழ்ச்சி என்று 'நாம்' பக்கம் வியர்த்துப்போய் காவலனை அங்குமிங்கும் ஓட்டிக்கொண்டிருந்தது. கடைசிச் சுற்றும் முடிந்தபோது கர்னல் கேட்டார்: "எதிரி ஏன் அசையவே இல்லை?"

அவள் எழுந்து நின்றாள். "எதுக்கு சார் அசையணும்? போன தடவை நான் குடையை விரிச்சு மறைச்ச லைனை இப்போ நீங்களே பிடுங்கி எறியறீங்க. அந்தத் தீவுல ஒரு பொம்பளை வலியில துடிச்சா இனிமே நகரத்துல யாருக்கும் தெரியாது. எந்தப் படை வந்து குண்டு போட்டாலும் அதுதானே நடக்கும்? எனக்குச் செலவே இல்லை. வீட்டுல கால் நீட்டி உக்காந்துக்கிட்டே ஜெயிச்சுட்டேன்." இயக்குநர் பக்கம் திரும்பினாள். "தயவுசெஞ்சு அந்த லைனைத் தீவுக்கே விட்டுடுங்க."

இயக்குநர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். கர்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். ஜெயித்துவிட்டோமோ என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

நடுவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். "பதிவு பண்றதுக்காகக் கேக்கறேன். காவலன் நின்ன பிறகு எதிரி தாக்குதலே நடத்தலை. சரிதானே?"

"சரிதான்" என்றார் கர்னல் மெதுவாக. அவர் குரலில் கேலி துளியும் இல்லை, மரியாதைதான் இருந்தது. "காவலன் நிக்கிறதைப் பாத்துட்டு எதிரி கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டான். காவலன் எதுக்கு இருக்கான்? இதுக்குத்தான். மேடம், நீங்க தீவைப் பத்திச் சொன்னது எனக்கு மனசை என்னவோ பண்ணுது. ஆனா ஆட்டம் காட்டினதை மறைக்க முடியாதே."

யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அவள் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. யாரும் குறித்துக்கொள்ளவும் இல்லை.

அவள் மாடிப்படித் திருப்பத்தில் நின்று கைப்பேசியில் அக்காவைக் கூப்பிட்டாள். திரையில் அக்கா கையுறையோடு வந்தாள். பின்னால் திரைச்சீலை போட்ட கட்டில்.

"என்னடி இந்த நேரத்துல? அழுதியா?"

லைன் மாதக் கடைசியில் போகிறது என்று சொன்னாள். அக்கா ஒன்றும் கத்தவில்லை. அவள் மனம் உடனே வேலைக்குத் தாவிவிட்டது. "அப்போ டீச்சரை இப்பவே ஏத்திவிடணும். பயந்தாலும் சரி. அவ புருஷனை நான் பேசிச் சம்மதிக்க வைக்கறேன். மத்தவங்களை..." என்று தனக்குத்தானே பேசிக்கொண்டே போனாள்.

"அக்கா, நான்தான் காரணம்." ஒன்றுவிடாமல் சொன்னாள். எதிரி நாற்காலி, குடை, கைதட்டல், போன தடவை அக்கா சொன்ன மத்தியானச் சூரியன், இன்றைக்கு நடந்தது, எல்லாம்.

அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "உக்காரச் சொன்னாங்க, உக்காந்தே. இவங்க இப்படிப் பண்ணுவாங்கன்னு நீ என்ன ஜோசியமா பாத்தே? சரி விடு." பிறகு, "ஒண்ணு மட்டும் கேக்கறேன். ஜெயிச்சப்போ சந்தோஷமா இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இருந்துச்சுக்கா. ரொம்ப."

"நான் சொன்னதை வச்சு ஜெயிச்சியே, அப்போ என் நினைப்பு வந்துச்சா?"

படியில் யாரோ ஏறிப்போனார்கள். "நல்லா ஆடினீங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"இல்லைக்கா" என்றாள்.

அக்கா தலையை ஆட்டினாள். திட்டியிருந்தால் தேவலை. "வெளியில ஆளுங்க உக்காந்திருக்காங்க. லைன் இருக்கிறவரைக்கும் எல்லாரையும் டாக்டர்கிட்ட காட்டிடறேன். நீ வை."

அப்படிச் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டிக்காமலே அக்கா குழாயடிக்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்தாள். திரையில் கட்டிலின் கால் தெரிந்தது, உள்ளே வருகிற யாரோ ஒருத்தியின் செருப்பு தெரிந்தது. தங்கை துண்டித்தால்தான் டாக்டருக்கு லைன் கிடைக்கும். அக்கா ஒருமுறை திரும்பிப் பார்ப்பாளா என்று கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு அவளே துண்டித்தாள்.