மூத்தாள் கல்லில் அவர் பேர்

வாங்க கண்ணுங்களா, கிட்ட வந்து உக்காருங்க. அந்தக் கதவைச் சாத்திட்டு வாங்க, பனி உள்ள வருது. இன்னிக்கு ஒரு பொறாமைக்காரி கதை சொல்லப் போறேன். பக்கத்து வீட்டுக்காரி சங்கிலி போட்டாள், அதைப் பார்த்து இவள் வயிறெரிந்தாள் என்கிற கதை இல்லை. இவள் பொறாமைப்பட்டது செத்துப்போன ஒருத்தி மேல். உயிரோடு இருக்கிறவள் என்றால் என்றைக்காவது டவுனில் வைத்து நாலு வார்த்தை கேட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம். செத்தவளை எங்கே போய்ப் பிடிப்பது?

நம்ம மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தாள் அம்சவல்லி. தோட்டம் பார்க்க வருகிற டூரிஸ்ட்டுகளுக்கென்று ஒரு டீக்கடை இருக்கிறதே, அதில் ஸ்கோன் என்கிற வெள்ளைக்காரன் பன் சுடுகிற வேலை. புருஷன் தேவநேசன் பேக்டரியில் இலை காய்கிற அடுப்புப் பக்கம். சர்ச்சில் மூப்பர். அதிர்ந்து பேசாத மனுஷர். அம்சவல்லி அவருக்கு இரண்டாந்தாரம். மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்கிற குடும்பத்தில் பிறந்தவள், கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வந்தாள். மூத்த தாரம் ஜெயசீலி, வாலிப வயதிலேயே நோயில் போய்விட்டாள். அவளுக்கும் பிள்ளையில்லை, இவளுக்கும் பிள்ளையில்லை.

ஜெயசீலியைப் புதைத்தபோது தேவநேசன் ஜோடிக் கல்லறையாகக் கட்டினார். ஒருத்தர் முந்திப் போனால் மற்றவருக்கும் சேர்த்து இடம் கட்டி, பேரையும் வெட்டி வைத்துவிடுகிற வழக்கம் உண்டல்லவா, அப்படி. கறுப்புக் கல்லில் இந்தப் பக்கம் ஜெயசீலி, பிறப்பு, இறப்பு. அந்தப் பக்கம் தேவநேசன், பிறப்பு. இறப்புக்குக் கீழே வெறுமனே விட்டிருந்தது. பின்னால் இன்னொருத்தி வருவாள் என்று கல் வெட்டுகிறவனுக்கு என்ன தெரியும்?

ஈஸ்டருக்கு முன்னால் வருஷா வருஷம் கல்லறையைக் கழுவ வேண்டும். அம்சவல்லிதான் கழுவுவாள். தன் புருஷன் பேரை இன்னொருத்தி பேருக்குப் பக்கத்தில் வைத்துத் தன் கையாலேயே தேய்த்துப் பளபளப்பாக்குவாள். எந்தப் பொம்பளைக்கு வரும் இந்தக் கொடுமை?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ராத்திரி குடும்ப ஜெபத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. முடிக்கும்போது தேவநேசன் தவறாமல் சொல்வார்: “ஆண்டவரே, எங்களுக்கு முன்னால உங்ககிட்ட வந்த சீலியைப் போல, எங்களையும் ஒரு நாள் கொண்டாந்து சேத்துக்குங்க.” அப்போது அவர் முகம் ஒரு மாதிரி தெளியும். வெயில் பட்ட ஓடை மாதிரி. அடுத்த வாரம் ஈப்போ டவுனுக்குப் போறேன் என்று மற்றவர்கள் சொல்வது போலப் பரலோகத்தைச் சொல்வார் மனுஷர். அம்சவல்லி ஒரு கண்ணைத் திறந்து அந்த முகத்தைப் பார்ப்பாள். ‘என்னைப் பாத்து ஒரு நாளாவது இப்பிடித் தெளிஞ்சிருக்கா இந்த மூஞ்சி?’ என்று உள்ளே எரியும். ஆனாலும் ஆமென் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவாள்.

மூத்தவளுக்கு வயசே ஆகவில்லை பாருங்கள். இவளுக்கு முட்டி வலி, நரை, வாயில் கட்டிய பல். அவளோ போன வயசிலேயே நிற்கிறாள். குழம்பைத் தீய்ப்பதில்லை, கோபப்படுவதில்லை. அவளோடு யார் போட்டி போட முடியும்?

அடுத்த வீட்டுத் தாமரை வேறு, கோயிலுக்குப் போகிறவள், சும்மா இருக்கமாட்டாள்.

“என்னக்கா, மூத்தாளக் குளிப்பாட்டக் கெளம்பிட்டீங்களா?”

“வாய மூடுடி.”

“எங்கள்ல ஏழு ஜென்மத்துக்கும் அதே புருஷன்லா. எம்புருஷன் மகேன நெனச்சா எனக்கு இப்பவே களைச்சிப் போவுது. உங்கள்ல எப்பிடிக்கா? அங்க போனா அண்ணன் யாரு கையப் புடிச்சிக்குவாரு?”

தாமரை சிரிப்பாகத்தான் கேட்டாள். அது அம்சவல்லிக்குத் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. அடுத்த பெண்கள் கூட்டத்தில் எழுந்து பாஸ்டரிடமே கேட்டாள். பாஸ்டர் சின்ன வயசு, பாவம், வேர்த்துவிட்டது.

“அங்க கல்யாணம் காட்சியெல்லாம் கெடையாதும்மா. எல்லாரும் தேவதூதருங்க மாதிரி.”

“அப்ப நான் இவருக்கு யாரு?”

“ரட்சிக்கப்பட்ட ஒரு ஆத்துமா. அங்க பொறாமையே இருக்காதும்மா, சந்தோஷமா இருப்பீங்க.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தாள். பொறாமையை எடுத்துவிட்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அதற்கும் அடியில் ஒரு பயம் கிடந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. ‘நான் ஆண்டவருக்காகவா தண்ணியில எறங்கினேன்? இவரக் கட்டிக்கத்தானே எறங்கினேன். என்னை எதுக்கு உள்ள விடுவாரு?’ ஜெயசீலி போய்ச் சேர்ந்துவிட்டாள். இவரும் போய்விடுவார். இரண்டு பேரும் உள்ளே, இவள் மட்டும் வாசலுக்கு வெளியே, பனியில். படுத்தால் இந்தப் படம்தான் கண்ணில் நிற்கும்.

இப்படி இருக்கையில் போன வருஷம் தேவநேசனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். ஈப்போ ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நெஞ்சைத் திறந்துதான் ஆக வேண்டும், ஈஸ்டர் முடிந்து வாருங்கள் என்று அனுப்பினார்கள். அம்சவல்லி வேனில் அழுதுகொண்டே வந்தாள். அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“எதுக்கு அழுவுற அம்சா? பொழச்சா உங்கூட. போயிட்டாலும் நல்ல எடந்தானே. சீலி போன எடம்.”

அழுகை நின்றுவிட்டது. அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

ஈஸ்டர் வாரத்தில் விடாமல் மழை. கல்லறைத் தோட்டத்துக்கு மேலே மண்சரிவு இறங்கிவிட்டது, கீழ் வரிசையெல்லாம் சேறு என்று செய்தி வந்தது. ஜெயசீலி இருந்தது கீழ் வரிசை. தேவநேசனால் ஏற முடியாது. “நீ போயிப் பாத்துட்டு வா புள்ள,” என்றார்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். தேயிலைச் செடிகள் வேரோடு சரிந்து கிடந்தன. செம்மண் எல்லாக் கல்லறைகளையும் போர்வை மாதிரி மூடியிருந்தது. ஜெயசீலியின் கல்லில் மேல்மூலை மட்டும் ஒரு சாண் வெளியே தெரிந்தது. வருஷா வருஷம் தேய்த்த கல் ஆயிற்றே, அவளுக்கா அடையாளம் தெரியாது?

நிமிர்ந்து பார்த்தாள். சுற்றிலும் ஒருத்தரும் இல்லை. மண்வெட்டியால் ஒரு அள்ளு சேறு எடுத்து அந்த மூலை மேல் போட்டாள். இன்னொரு அள்ளு. அப்புறம் காலால் மிதித்துச் சமமாக்கினாள். ஆமாம் கண்ணுங்களா, அதைத்தான் செய்தாள். கேட்க நல்லாயில்லைதான்.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “ஒண்ணும் மிச்சமில்லீங்க. கல்ல அடிச்சிட்டுப் போயிருச்சி. மேல் வரிசையில புதுசா ஒரு எடம் கேக்கலாம். நம்ம ரெண்டு பேருக்கு.”

அவர் உடைந்து அழுவார், அவரைத் தேற்றலாம் என்று காத்திருந்தாள். அவரோ பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் முக்கியபடி சிரித்தார்.

“போனாப் போவட்டும்லா. அவ என்ன கல்லுக்குள்ளயா இருக்கா? எடம் நீ எங்க வேணாலும் கேளு.”

அவ்வளவுதான். பாருங்கள், மண்ணைப் போட்டு மூடினாலும் அவளை மூட முடியவில்லை. எந்தச் சரிவும் தொட முடியாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள் மூத்தவள். இந்த மனுஷருக்கோ அதில் துளிச் சந்தேகம் இல்லை. அம்சவல்லிக்குள் இத்தனை வருஷம் அடக்கி வைத்தது வெடித்துவிட்டது.

“உங்களுக்கு எல்லாம் சுளுவா இருக்கு! அவ போயி உள்ள உக்காந்துட்டா. நீங்களும் போயிருவீங்க. நான் எங்க போவேன்? என்னைச் சேத்துக்குவாரான்னு எனக்குத் தெரியாதுங்க. தெனம் ஆமென் சொல்றேன், உள்ளுக்குள்ள ஒண்ணுமில்ல. வெறும் பயம். உங்க மூஞ்சியப் பாத்தா எரியுது, அவ பேரக் கேட்டா எரியுது. கல்லு அங்கதான் கெடக்கு. நான்தான் மண்ணத் தள்ளி மூடிட்டு வந்தேன், போதுமா?”

தேவநேசன் கோப்பையைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

“சீலிக்கும் தெரியாது.”

“என்னது?”

“சேத்துக்குவாரான்னு. கடைசி வாரம் பூரா அழுதா. ‘என்னைச் சேத்துக்குவாராங்க, சேத்துக்குவாராங்க’ன்னு அதே கேள்வி. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஏசினேன். மூப்பர் பொண்டாட்டி இப்பிடி அவிசுவாசமாப் பேசலாமா, வந்து பாக்கறவங்க என்ன நெனப்பாங்கன்னு. அதோட வாய மூடிக்கிட்டா. பயந்துகிட்டேதான் போனா அம்சா. எங்கிட்ட சொல்லாம பயந்துகிட்டு.”

அம்சவல்லி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாக ஒரு பெரிய பரிசுத்தவாட்டியோடு அல்லவா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்!

“அப்ப ஏன் அவ பேரச் சொல்றப்ப உங்க மூஞ்சி அப்பிடித் தெளியுது?”

“சின்னப் புள்ளயக் கூட்டிக்கிட்டு ரோட்டத் தாண்டறப்ப அது கைய உதறும் பாத்திருக்கியா? உதறினா விட்டுருவோமா? இறுக்கிப் புடிப்போம். அவ பயத்துல உதறியிருப்பா. ஆண்டவரு விட்டிருக்கமாட்டாரு. அவ விசுவாசத்த நம்பியா நான் நிம்மதியா இருக்கேன்? புடிச்சவரு கைய நம்பி. அத நெனச்சித்தான் தெனம் அவ பேரச் சொல்றேன். இல்லாட்டி எனக்குத் தூக்கம் ஏது?”

“நான் உங்களுக்காகத்தான் தண்ணியில எறங்கினேன்.”

“எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிஞ்சுதானே உன்னைச் சேத்துக்கிட்டாரு. சிலுவையில பக்கத்துல தொங்குன கள்ளனையும் சேத்துக்கிட்டாரே, அவன் எந்த ஜெபக் கூட்டத்துக்கு ஒழுங்காப் போனான், சொல்லு?”

மறுநாள் மழை விட்டது. அம்சவல்லி போய்ச் சேற்றையெல்லாம் வாரிக் கொட்டினாள். இடுப்பு ஒடிந்துவிட்டது. முதலில் புருஷன் பேரைத்தான் துடைத்தாள், அது அவள் குணம். அப்புறம் சேலை முந்தானையால் மற்றப் பேரையும் துடைத்தாள்.

“நீயும் பயந்தவதானா?” என்று கல்லைக் கேட்டாள். “மொதல்லயே யாராவது சொல்லியிருக்கலாம்லா.” பிறகு எழுந்து மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, “ஆனா உம்பக்கத்துல அவரு பேரு இருக்கறது எனக்குப் புடிக்கல. அதச் சொல்லிட்டேன், மனசுல வச்சுக்க,” என்றாள்.

ஈஸ்டர் முடிந்து தாமரை புருஷன் மகேன் வேனில் ஈப்போவுக்குக் கிளம்பினார்கள். கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்குகிற கூட்டத்தில் வேன் நகரவில்லை. தேவநேசன் ஒன்றும் பேசவில்லை. கோலா தெர்லா ஊரைத் தாண்டியும் பேசவில்லை. அம்சவல்லி அவர் ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, அந்தப் பெரிய கதவுக்கு முன்னால், அவர் கட்டிலுக்கு வெளியே கையை நீட்டினார். கை ஐஸ் மாதிரி இருந்தது. பச்சைத் துணியில் முகம் சின்னப் பையன் முகமாகிவிட்டது.

“அம்சா, பயமா இருக்கு புள்ள. ஒண்ணுமே தோண மாட்டேங்குது. எல்லாம் இருட்டா இருக்கு. நான் சீலிய ஏசின மாதிரி நீ என்னை ஏசிராத.”

அந்த நேரத்திலும் அந்தப் பேர் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. என்ன செய்வது, மனசு அப்படித்தான். ஆனால் அவள் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“பயப்படுங்க. நல்லாப் பயப்படுங்க, யாரு வேணாம்னது? பயந்துகிட்டுப் போன அவள விடாதவரு உங்கள விட்டுருவாரா? என்னையே விடல.” பிடித்த கையை இன்னும் இறுக்கினாள். “ஆனா இன்னிக்குப் போக வேணாம். அவ இத்தன வருஷம் இருந்துட்டா, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும். எங்கூட இருந்துட்டு மெதுவாப் போங்க.”

அவர் கண்ணில் தண்ணீரோடு சிரித்தார். கதவு மூடிக்கொண்டது.

அம்சவல்லி வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னையே விடல என்று சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே ஆச்சரியம். யாரும் சொல்லித்தந்த வார்த்தை இல்லை, அவர் ஜெபத்தில் கேட்டு ஆமென் போட்ட வார்த்தையும் இல்லை. அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். சொன்ன வார்த்தை சாயாமல் நின்றது. பயமும் பக்கத்திலேயே இருந்தது. மகேன் வாங்கித் தந்த மைலோ ஆறிப்போனது.

பொழுது சாய்கிற நேரத்தில் கதவு திறந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். நோயாளிக்கு உரிமைப்பட்டவர் யார் என்று நம்ம ஆஸ்பத்திரிகளில் கேட்பார்களே, அப்படிக் கூப்பிட்டாள்.

“தேவநேசன் வாரிஸ்! வாரிஸ் யாரு?”

அம்சவல்லி முட்டி வலியைக்கூட மறந்து எழுந்து நின்றாள்.

“நான்தான். அவரு பொண்டாட்டி.”

“கண்ணு முழிச்சிட்டாரு. உங்களத்தான் கேக்கறாரு, வாங்க.”

முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

போதும் கண்ணுங்களா, எழுந்திரிங்க, நேரமாச்சு. உங்க வீட்டுல புருஷன் பொண்டாட்டி கை விட்டுப் போகாம இருக்கட்டும். பயப்படுறவங்க பயத்த வாய்விட்டுச் சொல்ற வீடா இருக்கட்டும், கேக்கறவங்க ஏசாத வீடா இருக்கட்டும். உங்க மேல சரிவு எறங்காம, உங்க அடுப்புல அரிசி கொறையாம, ஆண்டவரு உங்க வாசல்ல நின்னு ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு உள்ள சேத்துக்கட்டும். பனியில பாத்துப் போங்க, செல்லங்களா.