ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவான்

மார்ச் மாதம் ஹயாமி அலுவலக மேஜையிலேயே சரிந்து செத்துப்போனான். வயது முப்பத்தாறு. அதற்காக அலுவலகத்தின் வழக்கமான சுற்றுலாவை நிறுத்த வேண்டாம், எல்லோருக்கும் மனசு ஆற வேண்டும் என்று பிரிவுத் தலைவர் தொகுரா சொல்லிவிட்டார். மே மாதம் பஸ் பிடித்து நாருகோ மலையிலிருந்த வெந்நீர் ஊற்று விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள்.

சாப்பாட்டுக்கு முன் குளியல். ஹயாமிக்குப் பக்கத்து மேஜைக்காரனான முராகோஷி உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு வெளிக்குளத்தில் இறங்கினான். கந்தக வாடை அடித்தது. தண்ணீர் பால்போல வெளுத்திருந்தது. மாதக்கணக்கில் இறுகிக் கிடந்த தோள்கள் தளர்ந்தன. அப்படித் தளர்ந்ததே குற்றமாகப் பட்டது அவனுக்கு.

தொகுரா துண்டை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு அவனருகே வந்து அமர்ந்தார். மற்றவர்கள் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சுகமா இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"ஹயாமி பொண்டாட்டி தொழிலாளர் அலுவலகத்துல நஷ்டஈடு கேட்டு மனு குடுத்திருக்கா. வேலைதான் கொன்னுச்சாம். திங்கக்கிழமை உன்னைக் கூப்பிடுவாங்க."

முராகோஷி தண்ணீரை அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டான். தொகுரா தொடர்ந்தார்.

"சாயங்காலம் ஏழு மணிக்கெல்லாம் கெளம்பிருவான்னு சொல்லிரு. குடி கொஞ்சம் உண்டுன்னும் சொல்லு."

"அவன் தொடவே மாட்டான் சார்."

"செத்தவனுக்கு இனிமே என்னப்பா கெட்டுப்போவுது? இருக்கிறவனுக்கு வேலை இருக்கணும்ல. ஆபீஸ்ல வச்சு இதைக் கேக்க மாட்டேன். இங்க நீயும் அம்மணம், நானும் அம்மணம். மனுஷனுக்கு மனுஷனா கேக்குறேன்."

ஹயாமி ராத்திரிகளில் மேஜைக்கடியில் சுருண்டு தூங்கியதை முராகோஷி பார்த்திருக்கிறான். தெரியாமல் அவன் காலை மிதித்தும் இருக்கிறான்.

"சரி சார்" என்றான். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்தது அவனுக்கே அருவருப்பாக இருந்தது. அப்புறம் கரையேறி, தொகுரா கேட்டபடி அவருக்கு முதுகும் தேய்த்துவிட்டான்.

திங்களன்று, சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னான். அதிகாரி ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டார். அவன் மாற்றவில்லை. வெளியே தாழ்வாரத்தில் ஹயாமியின் மனைவி நின்றிருந்தாள். இடுப்பு வளைய வணங்கினாள்.

"நீங்க முராகோஷி சார்தானே? வீட்டுல உங்களப் பத்திதான் பேசுவாரு. அவரு சாப்பிடாம இருந்தா உங்க சாப்பாட்டுல பாதி குடுப்பீங்களாமே. உண்மையச் சொல்ல ஒருத்தராவது இருக்காரேன்னு நிம்மதியா இருக்கு."

அவனும் வணங்கினான். அவள் நிமிர்ந்து, உள்ளே கூப்பிட்டதும் போய்விட்டாள். அவன் குனிந்தபடியே நின்றான்.

இலையுதிர் காலத்தில் மனு தள்ளுபடியாயிற்று. அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கே போய்விட்டதாக அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். முராகோஷி காதில் விழாதவன்போல வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.