ஜென்கினின் உள்ளங்கால்

சவத்தைச் சுற்றிய கம்பளித் துணியின் கால்மாட்டை வில்மட் தைத்துக்கொண்டிருந்தாள். புயலுக்குக் கிழியாதபடி கப்பல் பாயைத் தைப்பதுபோல அத்தனை நெருக்கமான தையல். கதவுக்கு வெளியே புருஷனின் தங்கை உர்சுலா இடித்த இடியில், பென்ரின் துறைமுகத்துக் கடற்காகங்களில் பாதி பிரான்சுக்கே பறந்துபோயிருக்கும்.

“அண்ணி, கதவத் திறங்க! ஊரே வந்து நிக்குது. அண்ணனோட காலப் பாக்கணுமாம்.”

“மூஞ்சியப் பாத்தா போதாதா?”

“மூஞ்சி எல்லாச் சவத்துக்கும்தான் இருக்கு!”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அல்ஜீயர்ஸ் கடற்கொள்ளையரிடம் பத்து வருஷம் அடிமையாகக் கிடந்து பத்திரமாகத் திரும்பியவன் ஜென்கின். அவன் அச்சிட்ட புத்தகம் லண்டன்வரை விற்றது. மதம் மாற மறுத்ததற்காக உள்ளங்காலில் முந்நூறு பிரம்படி என்று புத்தகம் சொன்னது. சாராயக்கடையில் இரண்டாவது குவளைக்கு அது ஐந்நூறாகும். நான்காவது குவளைக்கு, பிரம்பு வெட்டி வெட்டியே அந்த நாட்டில் நிழலுக்கு ஒரு மரம் மிஞ்சாது. நொண்டவும் செய்வான், தேவாலயத்தில் வலது கால், சாராயக்கடையில் இடது. இருபது வருஷமாக அவனைக் காலுறை இல்லாமல் ஊரில் எவரும் கண்டதில்லை.

வில்மட் கண்டிருக்கிறாள். பிஷப்பின் கன்னம்போல வழுவழுவென்ற பாதங்கள். அந்தப் பத்து வருஷமும் அங்கே ஒரு கப்பல் தலைவனின் தோட்டத்தில் ஆரஞ்சு பறித்தவன் அவன். போதையில் ஒருநாள் அவளிடம் அழுதிருக்கிறான்: “என்னை எதுக்குடி மீட்ட?”

கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடந்தது. நான்கு தையலை வெட்டிக் கதவைத் திறந்தால் போதும், இருபது வருஷப் பொய் முடிந்துவிடும். ஆனால் அவன் வெறும் பொய்யன் என்றால், அவனை மீட்க அறுபது தேவாலய வாசலில் வெறுங்காலோடு கையேந்தியவள் யார்?

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

“தைச்சு முடிச்சாச்சு. பாதிரியார் அவர் புத்தகத்தப் படிக்கப்போறார்ல, எல்லாரையும் காதால பாத்துக்கச் சொல்லு.”

பாதிரியார் படித்தார். காய்ந்த ஓக் பட்டைபோலப் பிளந்த குதிகால். பெருவிரலுக்கு அடியில் பட்டாணி உட்காரும் அளவுக்கு ஒரு குழி. இடது பாதத்தில் கோணலாக ஆறிப்போன நீளத் தழும்பு.

பெண்கள் விம்மினார்கள். வில்மட்டுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் அடுத்த வரி என்னவென்று தெரியும். திரும்பி வந்த அன்று ஜென்கின் அவள் பாதங்களை மடியில் தூக்கி வைத்து, எது எங்கே பட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அன்பு என்று நினைத்து அவளும் சொன்னாள்: குதிகால் பாட்மின் மேட்டுப் பனியில், குழி எக்ஸிட்டர் சாலைச் சரளையில்.

உர்சுலா அவள் தோளில் சாய்ந்து தேம்பினாள். “எப்படித்தான் தாங்குச்சோ அண்ணி, அந்தக் காலு!”

“தாங்குச்சு,” என்றாள் வில்மட்.

கல்தளம் சில்லிட்டிருந்தது. இடது காலிலிருந்து வலது காலுக்கு உடம்பை மாற்றி நின்றுகொண்டாள்.