அட்டையின் பின்பக்கம்

நாங்கள் வேலை பார்த்த அறை இப்போது பல் மருத்துவரிடம் போய்விட்டது. அந்தப் பக்கமாக நடக்கும்போது மட்டும், சக்கர நாற்காலி டயர்களின் வாசனை எனக்கு எங்கிருந்தோ வருகிறது.

நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலி, கட்டில், ஊன்றுகோல் எல்லாம் இலவசமாகக் கொடுத்து, தேவை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வோம். அங்கே மூன்றே பேர். நர்ஸ் வேலையை விட்டுவிட்டு அதைத் தொடங்கிய அக்கா, வேன் ஓட்டும் அண்ணன், நான். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு முகம் பார்த்துப் பேச வராது. போனில் மட்டும் பேசுவேன்.

"இது வாயைத் திறக்கணும்னா மணி அடிக்கணும்," என்பார் அண்ணன்.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. முன்பக்கம் பேனாவில் பெயர், முகவரி, என்ன தேவை. பின்பக்கம் அவர்கள் பேச்சுவாக்கில் சொன்னது, பென்சிலில். மாடிப்படி குறுகல், நாய் கடிக்கும், மருமகளிடம் பேசினால் போதும். பொருள் திரும்பி வந்ததும் பின்பக்கத்தை ரப்பரால் அழித்துவிட வேண்டும். அது அக்கா வைத்த வழக்கம்.

ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் போன் செய்தார். சக்கர நாற்காலி வேண்டும். சொல்லி முடித்தும் வைக்கவில்லை.

"காலை எடுக்கணும்னுட்டாங்கம்மா. கால்ல புண்ணுன்னுதான் வீட்டுல தெரியும், இது தெரியாது. பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும், நானே சொல்லிக்கிறேன். உங்கிட்ட ஏன் சொல்றேன்னே தெரியல."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கய்யா," என்றேன். பின்பக்கத்தில் எழுதினேன்.

அந்த மாதம்தான் கம்ப்யூட்டருக்குச் செயற்கை நுண்ணறிவு வந்தது. யாருக்கு அவசரம் என்று வரிசைப்படுத்தும், கடிதமும் எழுதும். மூன்று வாரம் காத்திருந்தவர்களுக்கு நான்கே நாளில் பொருள் கிடைத்துவிடும் என்றார்கள். அது பொய்யில்லை. அட்டைகளைப் படமெடுத்து ஏற்றுவது என் வேலை.

"ரெண்டு பக்கமும் எடுத்துடு. எல்லாம் தெரிஞ்சாதானே நல்லா எழுதும்," என்றார் அக்கா. எனக்கும் அது சரியென்றே பட்டது.

முதல் நாள் பதினேழு கடிதங்கள். மடித்து உறையிலிட்டேன், படிக்கவில்லை. அண்ணன் வாங்கிக்கொண்டு கிளம்பினார். அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும்போது கண்டக்டரின் பென்சில் வரி கண்ணில் பட்டது. திரையில் அவர் கடிதத்தைத் தேடித் திறந்தேன். நாற்காலி வியாழனன்று வருமாம். அதன் கீழே: "தங்கள் காலை அகற்றும் அறுவை சிகிச்சை நல்லபடியாக நடக்க எங்கள் அன்பான வாழ்த்துகள்."

அவருக்குக் கண் மங்கல். கடிதம் வந்தால் வீட்டம்மாதான் உரக்கப் படிப்பார். அதுவும் அட்டையில் இருந்தது.

செருப்பில்லாமல் ஓடினேன். வேன் முனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"அண்ணே! நிறுத்துங்கண்ணே!"

தெருவே திரும்பிப் பார்த்தது. என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. அண்ணன் பிரேக் போட்டுத் தலையை நீட்டினார். "யாரு, நம்ம ஊமையா கத்துனது?"

பதினேழையும் மேசையில் பரப்பினோம். இன்னும் இரண்டிலும் பின்பக்கத்து வரிகள். அக்கா அந்த மூன்றையும் தனியே எடுத்து வைத்தார்.

"மெஷினைத் திட்டி என்ன ஆவப்போவுது? சாவியைக் கொடுத்தது நாமதான்."

"அப்ப திருப்பிக் கொடுத்துடலாமாக்கா?" என்றார் அண்ணன்.

"வேண்டாம். நாலு நாள்ல நாற்காலி கிடைக்கறவனை மறுபடி மூணு வாரம் படுக்க வைக்கவா? முன்பக்கம் அதுக்கு. பின்பக்கம் நமக்கு. கடிதம் எது போனாலும் இவ உரக்கப் படிச்ச பிறகுதான் போகணும்."

"நானா?"

"இப்பதான் கத்தினியே."

கம்ப்யூட்டர் பொருத்தியவரை அக்கா அன்றே கூப்பிட்டு, ஏற்றிய பின்பக்கங்கள் அத்தனையையும் அழிக்கச் சொன்னார். முடியும்வரை அவர் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். "எங்க ரப்பர் இதுக்கு எட்டாதுப்பா. அதான்."

தினமும் காலையில் நின்றுகொண்டு படித்தேன். முதல் வாரம் குரல் நடுங்கியது. அண்ணன் டீயோடு உட்கார்ந்து, "செய்திகள், வாசிப்பது ஊமை," என்பார்.

பரீட்சை முடிந்த வாரம் கண்டக்டர் அழைத்தார். "சொல்லிட்டேம்மா. ரெண்டு பேரும் அழுதுட்டு, அப்புறம் எனக்குச் சாப்பாடு போட்டாங்க."

"பின்னாடி எழுதினதை அழிச்சுடட்டுங்களா ஐயா?"

"எழுதி வச்சிருந்தியா?" சிரித்தார். "அழிச்சுடு, அழிச்சுடு."

நாற்காலி இன்னும் திரும்பி வந்திருக்கவில்லை. ஆனாலும் அழித்தேன். ரப்பர் துகள்களை ஊதியபோது அவை அண்ணனின் டீயில் விழ, அதற்கும் திட்டு வாங்கினேன்.