பூட்டில்லாத ரொட்டிக்கடை

அந்த ரொட்டிக்கடைக்குப் பூட்டு இருந்ததே இல்லை. வாசலில் துரு மாமா நிற்கும்போது பூட்டு எதற்கு?

எட்டுத் தலைமுறைக்கு முன்னால் ஆற்றின் இக்கரையும் அக்கரையும் அடித்துக்கொண்டபோது, செத்து விழுந்த வீரர்களை அரசரின் மந்திரவாதி எழுப்பி மறுபடியும் வேலையில் போட்டான். சண்டை முடிந்தது. மந்திரவாதியும் போய்ச் சேர்ந்தான். எழுந்தவர்களைப் படுக்கவைக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை. பாலத்தடியில் ஒருவர், தண்ணீர்த் தொட்டி அருகே ஒருவர் என்று ஊரில் இன்னும் சிலர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். அந்தக் காலத்தில் படைக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்த இந்தக் கடைக்கு வாய்த்தவர் துரு மாமா.

எலும்பும் தோலுமாக இருந்தார் என்று சொல்ல முடியாது, தோல் கிடையாது. தலைக்கவசம் துருப்பிடித்து மண்டையோடு ஒட்டிப் போயிருந்தது. கையில் நீளமான ஈட்டி. ரொட்டிக்காரி சின்னப் பெண்ணாக இருந்தபோது அதில்தான் ஈரத் துணி காயப் போடுவாள். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அக்கரை ஆள் யாராவது தெருவில் தலைகாட்டினால் மட்டும் கதை வேறு. அந்தக் கரையின் மண் வாசனை, மூக்கே இல்லாத மாமாவுக்கு எப்படியோ எட்டிவிடும். ஈட்டி நீளும். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் வந்த வழியே ஓட்டம் எடுப்பார்.

ரொட்டிக்காரி மனசைப் பறிகொடுத்ததோ அக்கரைப் பூட்டுக்காரனிடம்!

போன வருஷம் பூட்டு விற்க வந்தவனை மாமா விரட்ட, அவன் போட்டுவிட்டு ஓடிய பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே பாலம் வரை ஓடினாள் இவள். “உங்க கடைக்கு நிஜமாவே பூட்டு தேவையில்லைங்க” என்றான் அவன், மூச்சு வாங்க. அவள் சிரித்த சிரிப்பில் ஆள் கவிழ்ந்தான். அன்றிலிருந்து அவர்கள் காதல் முழுக்கப் பாலத்தின் நடுவில் நின்றபடியேதான் வளர்ந்தது.

அப்பாவுக்கு மணிக்கட்டு வலி. மாவு பிசைவது, அடுப்பைப் பார்ப்பது எல்லாம் அவள்தான். அதனால் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை இங்கே வந்து இருப்பதாகப் பேச்சு. அவனுடைய அம்மா மருத்துவச்சி. பாதி அக்கரை அவள் கையில் பிறந்தது. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“என் புள்ள குடியிருக்கப் போற வீட்டுக்குள்ள நான் ஒரு தடவை உட்கார்ந்து பேசணும். வாசல்ல ஈட்டியை நீட்டுற வீடுன்னா, இந்தச் சம்பந்தமே வேணாம்.”

நியாயமான பேச்சுதான்.

அவர்கள் வரவேண்டிய அன்று காலையில் மாமாவிடம் கெஞ்சிப் பார்த்தாள். “மாமா, சண்டை எப்பவோ முடிஞ்சு போச்சு. எனக்காக இன்னிக்கு ஒரு நாள் விட்டுக்குடுங்களேன்.”

“உத்தரவு இல்லம்மா” என்றார் மாமா. தகரத்தில் கூழாங்கல் உருள்வது போன்ற குரல். அப்பாவுக்கும் அவருக்கு முந்தியவர்களுக்கும் இதே பதில்தான் கிடைத்திருந்தது.

எனவே அவள் மாவை நம்பினாள். மாப்பிள்ளையையும் மாமியாரையும் தெருமுனையில் நிறுத்தி, தலையிலிருந்து கால் வரை மாவைத் தூவினாள். கடை வாசனையில் அக்கரை வாசனை அடங்கிவிடும் என்று கணக்கு.

“மூக்கே இல்லாத மனுஷனை ஏமாத்த மூணு படி மாவா?” என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

“எத்தனையோ வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருக்கேன். எந்த வீட்டுலயும் என்னைப் பணியாரம் மாதிரி உருட்டினதில்ல” என்றாள் மருத்துவச்சி, தும்மிக்கொண்டே.

பாதி தெரு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. மாவு பசையாகிக் கண்ணிலும் காதிலும் வழிந்தது. கடை வாசலை நெருங்கியதும் ஈட்டி நீண்டது.

பூட்டுக்காரன் அம்மாவுக்குக் குறுக்கே பாய்ந்தான். அவள் அவனை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். ரொட்டிக்காரிக்கு உயிரே போய்விட்டது.

“ஏன்யா, பொண்ணு கட்டப் போற பையனையே குத்துவியா நீ?”

“அக்கரை” என்றார் மாமா.

“அக்கரைதான். அதுக்கென்ன இப்போ? சண்டை முடிஞ்சு போச்சுன்னு உங்காளுங்க சொல்லலையா?”

“சொன்னாங்க. நம்மாளு சொன்னா நம்பாதே, பயந்தவன் அப்படித்தான் சொல்வான்னு தளபதி உத்தரவு.”

“பின்ன யார் சொன்னாத்தான் நம்புவே?”

இந்தக் கேள்வியை அந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை. உத்தரவு இல்லை என்றதும் எல்லோரும் பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

“எதிரி வந்து நேருக்கு நேர் சொல்லணும்” என்றார் மாமா.

“அட மாமா!” ரொட்டிக்காரி ஈட்டிக்குப் பக்கத்திலேயே ஓடி வந்துவிட்டாள். “அந்த எதிரியைத்தானே வாயைத் திறக்க விடாம விரட்டிக்கிட்டு இருந்தீங்க!”

அவரை மட்டும் சொல்வானேன்? அக்கரைக்காரர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று தெருமுனையில் பலகை நட்டு வைத்ததே இவர்கள் குடும்பம்தான்.

மருத்துவச்சி முகத்திலிருந்த பசையை வழித்து எறிந்தாள். “சரி. எதிரி நான் சொல்றேன். முடிஞ்சு போச்சுய்யா. உட்காரு.”

ஈட்டி நுனி தடுமாறியது. “யார் ஜெயிச்சது?”

ஒரு வார்த்தை பிசகினால் எல்லாம் போச்சு.

“எங்க பக்கத்துல நாங்கதான்னு சொல்லிக்கிறோம்” என்றாள் மருத்துவச்சி. அப்பாவைப் பார்த்து, “இங்க எப்படி சம்பந்தி?” என்று கேட்டாள்.

“இங்கயும் நாங்கதான்னுதான்...” என்று இழுத்தார் அப்பா.

“கேட்டியா? யாரும் தோக்கல. இவ்வளவு காலம் நின்னியே, முட்டி வலிக்கலையா உனக்கு?”

மாமா குனிந்து தன் முட்டியைப் பார்த்தார்.

“வலிக்குது” என்றார்.

ரொட்டிக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த முட்டியில் சாய்ந்து விளையாடித்தான் வளர்ந்தாள். ஒரு நாள்கூட அவள் இதைக் கேட்டதில்லை. உள்ளே ஓடிப்போய் மாவுப் பெட்டியை இழுத்து வந்து கவிழ்த்துப் போட்டாள். மாமா ஈட்டியைச் சுவரில் சாய்த்தார். பழைய கதவு போலக் கிரீச்சிட்டுக்கொண்டு, இரண்டு முழங்காலும் மெல்ல மடங்கின. மாமா உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் அடுப்பங்கரையில் தலையைத் துவட்டிக்கொண்டு சூடான ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். மருத்துவச்சி இருப்பதிலேயே நல்ல நாற்காலியில் உட்கார்ந்து, “நாள் குறிச்சிடலாம். ஆனா மாவு மட்டும் இனிமே என் மேல போடாதே” என்றாள்.

“சரி அத்தை” என்று சொல்வதற்குள் ரொட்டிக்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

வாசலில் மாமாவின் தலை மார்பில் சாய்ந்திருந்தது. அப்பா பதறிப்போய் எழுந்தார். மருத்துவச்சி போய்த் தோள் எலும்பைத் தொட்டுப் பார்த்தாள்.

“தூங்குறார். விடுங்க சம்பந்தி.”

“அப்போ ராத்திரி கடையை யார் பார்த்துக்கிறது?” என்றார் அப்பா.

எல்லோரும் பூட்டுக்காரனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் காது வரை சிவந்து, நனைந்த பையிலிருந்து ஒரு பெரிய பூட்டை எடுத்தான். கதவில் அதை மாட்ட ஒரு நாதாங்கிகூட இல்லை. ஒன்றை அடித்து வைக்கச் சுத்தியலை ஓங்கியவன் கையை ரொட்டிக்காரி பிடித்துக்கொண்டாள்.

“மெதுவா. மாமா முழிச்சிக்குவார்.”

இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துச் சுத்தியல் தலையில் சுற்றிக் கொடுத்தாள்.