பன்னிரண்டு நொடிக் கைதட்டல்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. முதன்முதலில் மாரத்தான் ஓடிய பெண்ணுக்கு ஓட்டச் சங்கம் விழா மலர் போடுகிறது. "கொஞ்சம் கம்பீரமா எழுதுங்க" என்றார் செயலாளர். எழுதினேன்:

காற்றைக் கிழித்துக்கொண்டு அந்த வீராங்கனை—

(அடித்துவிட்டேன். கதாநாயகியே படித்துவிட்டுச் சிரித்தாள்: "காத்து எங்க கிழிஞ்சுது? என் கால் நகம்தான் கிழிஞ்சுது.")

2.

மறுபடி தொடங்குகிறேன். அவள் சலவைக் கடையில் இஸ்திரி போட்டவள். பெண் உடம்பு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் தாங்காது என்று சங்கத்து மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். (அவருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். இதை வெட்டச் சொன்னார் செயலாளர், வெட்டிவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன்.)

ஆண்களுக்குப் பரிசு கொடுத்துவிட்டு நிர்வாகிகள் சாப்பிடப் போய்விட்டார்கள். எல்லைக்கோட்டில் மிச்சம் ஒருவர்தான்: கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க, நேரம் குறிப்பவர். அவள் வந்தாள். அவர் கைதட்டினார். தட்டிய சந்தோஷத்தில் பொத்தானை அழுத்த மறந்தார்.

பதிவேட்டில் ஏறியது நான்கு மணி நேரம், ஏழு நொடி. நான்கு மணி நேரத்துக்குள் ஓடிய முதல் பெண் என்ற பட்டம் பிறகு வேறொருத்திக்குப் போனது.

3.

கதைக்கு வில்லன் வேண்டுமாம். நேரம் குறிப்பவரைத் தேடிப் போனேன். வில்லனாக அவர் தயாராகவே இருந்தார், கையெழுத்திட்ட கடிதத்தோடு: 'பன்னிரண்டு நொடி கைதட்டினேன். பிழை என்னுடையது. கழித்துக்கொள்ளவும்.' அவரை அவள் வீட்டுக்கே கூட்டிப் போனேன்.

"தங்கச்சி, கண்ண மூடுறதுக்குள்ள உன் நேரத்த உங்கிட்டயே குடுத்துடறேன்."

"அண்ணே, அன்னிக்கு எனக்குக் கைதட்டினது நீங்க ஒருத்தர்தான். அதையும் கழிச்சுட்டா எனக்கு என்ன மிச்சம்?"

"பட்டம் வரும்ல?"

"வந்து? இஸ்திரி போட்டு மாட்டிக்கவா?"

அவர் சிரிக்கவில்லை. "நாப்பது வருஷமா உறுத்துது, தங்கச்சி."

அவள் அந்தக் கடிதத்தை மடித்தாள். மடிப்பை நகத்தால் நீவிவிட்டாள், கடைப் பழக்கம். என்னிடம் நீட்டினாள்.

"எழுதறவர் நீங்கதானே, பாத்துக்கங்க."

4.

முடிவு ஒன்று: கழிக்கிறேன். அவர் நிம்மதியாகத் தூங்குவார்.

முடிவு இரண்டு: கழிக்கவில்லை. அவளுக்கு அந்தக் கைதட்டல் பத்திரம்.

முடிவு மூன்று, செயலாளருக்குப் பிடித்தது: பலத்த கரகோஷத்துக்கிடையே தலைவர் அவர்கள்—

(போதும்.)

நாளை மலர் அச்சுக்குப் போகிறது. 'நேரம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இந்தாருங்கள் பென்சில். நிரப்புவதற்கு முன் ஒன்று மட்டும் செய்யுங்கள்: கடிகாரத்தைப் பார்த்தபடி, தனியாக நின்று, பன்னிரண்டு நொடி கைதட்டிப் பாருங்கள்.